பாம்புக்கு எலி கொடுக்கும் இடுக்கி: கடையில் பார்க்க வேண்டியவை

வளர்ப்புப் பாம்பின் கடி இரண்டு வகை. பயந்து கடித்தால் கொத்திவிட்டு விலகிவிடும். பசியில் கடித்தால் கவ்விப் பிடித்து, மணிக்கட்டைச் சுற்றி இறுக்கத் தொடங்கும். இந்த இரண்டாவது கடிக்குப் பாம்பின் குணம் காரணமில்லை. கையில் எலி மணக்கிறது, கை சுற்றியிருக்கும் காற்றைவிடச் சூடாக இருக்கிறது, அசைகிறது. பாம்பின் கணக்கில் அது எலிதான். போல் பைத்தன் (ball python) என்ற சிறு மலைப்பாம்பின் மேலுதட்டில் வரிசையாக இருக்கும் சிறு குழிகள் சூட்டை உணர்பவை. குளிர்ந்த எலியும் சூடான விரலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது விரலைத்தான் தேர்ந்தெடுக்கும். கோர்ன் ஸ்னேக் (corn snake) என்ற இனத்துக்கு அந்தக் குழிகள் இல்லை. அது நாக்கை நீட்டி மணத்தைப் பிடித்து வருகிறது. எந்த இனமானாலும் கையைத் தூரத்தில் வைத்திருக்க ஒரு கருவி வேண்டும்.

கீழே சொல்வது முறையான அனுமதியுடன் வந்த, நஞ்சில்லாத வெளிநாட்டு இனங்களுக்கு மட்டும். நம் நாட்டு வெங்கிணாந்தி (மலைப்பாம்பு) சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, அதை வீட்டில் வைத்திருக்கும் பேச்சே இல்லை. நஞ்சுள்ள பாம்புக்கு இங்கே சொல்லும் எந்த நீளமும் போதாது.

முதலில் நீளம். பாம்பு பாய்ந்து எட்டும் தூரம் பொதுவாக அதன் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. துணிந்தால் பாதி வரை போகும். குட்டிக்கு 25 முதல் 30 சென்ரிமீற்றர் இடுக்கி போதும். ஒரு மீற்றர் தாண்டிய போல் பைத்தனுக்கு 40 முதல் 45 வேண்டும். இரண்டு மீற்றரை நெருங்கும் போவா (boa) இனப் பாம்புக்கு 60க்குக் குறையக் கூடாது. ஆனால் கடைக்காரர் சொல்லும் நீளமும் உங்கள் கையில் கிடைக்கும் நீளமும் ஒன்றாக இருப்பதில்லை. சாமணம் போல ஒரு பக்கம் பொருத்திய இடுக்கியில், பொருத்துக்குக் கிட்டப் பிடித்தால் அமுக்குவது கடினம். தகடு விறைப்பாக இருந்தால் விரல்கள் தாமாகவே முன்னுக்கு நகரும். 45 சென்ரிமீற்றர் இடுக்கியை நடுவில் பிடித்தால் அது 22 சென்ரிமீற்றர் இடுக்கி, அவ்வளவுதான்.

ஆகவே கடையிலேயே சோதியுங்கள். பொருத்துப் பக்கத்தின் கடைசி 10 சென்ரிமீற்றருக்குள் பிடித்து, 100 கிராம் சவர்க்காரக் கட்டி ஒன்றைத் தூக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். கை நடுங்கினால் தகடு விறைப்பு. கட்டி வழுகினால் வாய் சரியில்லை. இரு தகடுகளும் கத்திரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் திருப்பி வைத்துவிடுங்கள். கடைசியாக விரலைச் சற்றே தளர்த்திப் பாருங்கள், கட்டி உடனே விழ வேண்டும். வாங்குபவர்கள் இதைத்தான் பார்ப்பதில்லை. எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். பாம்பு கவ்விய அதே நொடியில் இடுக்கி எலியை விட வேண்டும். விடாவிட்டால் பாம்பு இழுக்கும், சுற்றும், உலோகத்தைக் கடிக்கும். பல் முறிந்து, முரசு கிழிந்து, சில நாளில் வாய்ப்புண் வந்து சாப்பாட்டை நிறுத்திவிடும்.

சத்திரசிகிச்சைக் கருவி விற்கும் கடைகளில் கிடைக்கும் பூட்டுப் பற்கள் வைத்த சாமணம் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறது. குருதிக் குழாயைப் பிடித்துப் பூட்டி வைப்பதற்கென்றே செய்த கருவி அது, விடுவது அதன் இயல்பில் இல்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், கைப்பிடிக்குக் கிட்ட இருக்கும் பூட்டுப் பற்களை லேத் கடையில் அரைத்தெடுத்துவிடுங்கள். பிறகு குட்டிகளுக்கு அது தாராளமாகப் போதும்.

கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கும் சமையல் இடுக்கியின் குறை அதன் அகலமான தலை. 20 கிராம் சுண்டெலியை அது முழுதாக மூடிவிடும், பாம்பு தகட்டில் மோதும். 150 கிராம் எலிக்குப் பரவாயில்லை. ஆனால் சிலிக்கன் தலை வைத்தது வேண்டாம்; பின்னோக்கி வளைந்த பற்கள் அதில் செருகிக்கொள்ளும், பிய்ந்த துண்டு எலியோடு உள்ளே போகும். முனையில் றப்பர் குழாய் மாட்டும் யோசனையும் அதே காரணத்தால் ஆபத்து. மீன்தொட்டிக் கடைகளில் செடி நடுவதற்கு விற்கும் 27 சென்ரிமீற்றர் சாமணம் குட்டிப் பாம்புக்கு அருமையான கருவி. ஊசி போன்ற முனையை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிட வேண்டும். மூங்கில் இடுக்கி பல்லுக்கு மென்மையானது, விலையும் குறைவு. ஆனால் கொழும்பின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், எலி மணம் மரத்துக்குள் ஊறிவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை எறிந்துவிட்டுப் புதியது வாங்கத் தயாரென்றால் வாங்குங்கள்.

வெள்ளவத்தை, தெகிவளை என்று கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கடைக்கு ஒரு சிறு காந்தத்தைக் கொண்டு போங்கள். 304 ரக ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலில் காந்தம் அநேகமாக ஒட்டாது. சத்திரசிகிச்சைச் சாமணங்கள் பெரும்பாலும் காந்தம் ஒட்டும் ரகம். உப்புக் காற்றில் அந்த ரகத்துக்குப் பொருத்தாணியைச் சுற்றி முதலில் கறள் பிடிக்கும். கறள் பிடித்த பொருத்து இறுகும். இறுகினால் திரும்பவும் அதே கதை, நேரத்துக்கு விடாது.

இடுக்கிக்கு அடுத்தது வெப்பமானி. உறைந்த எலியை முதல்நாள் இரவே பிரீசரிலிருந்து பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு, மூடியுள்ள தனிப் பெட்டியில் மாற்றுங்கள். மேசையில் வைத்து உருக விடாதீர்கள். கொழும்பின் 30 பாகைச் சூட்டில் தோல் கெட்டுப்போகத் தொடங்கும்போதும் வயிறு கட்டியாகவே இருக்கும். கொடுப்பதற்குச் சற்று முன் பைக்குள் போட்டுக் கட்டி, சுடுநீரில் 15 முதல் 20 நிமிடம் வைத்து, மேற்பரப்பை 38 முதல் 40 பாகை செல்சியஸுக்குக் கொண்டு வாருங்கள். கொதிநீர் ஊற்றினால் தோல் வெந்து வயிறு வெடிக்கும். மைக்ரோவேவில் ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் உறைந்தே கிடக்கும். அகச்சிவப்பு வெப்பமானி மேற்பரப்பை மட்டுமே காட்டும் என்பதால் வயிற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கட்டி தட்டுப்பட்டால் இன்னும் நேரம் வேண்டும். பிறகு ரிசுவால் துடைத்து உலர்த்துங்கள், ஈர ரோமத்தில் பெட்டியின் தூள் ஒட்டும். நீண்ட மின்வெட்டில் உருகிவிட்டதைத் திரும்ப உறைய வைத்துக் கொடுக்காதீர்கள்.

தராசும் வேண்டும், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். வளரும் குட்டிக்கு உடல் எடையில் 10 முதல் 15 வீதம், வளர்ந்த போல் பைத்தனுக்கு 5 முதல் 7 வீதம். 1,400 கிராம் பாம்புக்கு 70 முதல் 100 கிராம் எலி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. கண்ணால் மதிப்பிடுபவர்களின் பாம்புகள் அநேகமாகக் கொழுத்தே இருக்கின்றன.

பொறியில் விழுந்த எலியை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அது எலிப் பாஷாணம் தின்றிருக்கலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் அந்த நஞ்சு பாம்பின் உடலுக்குள்ளும் போய்ச் சேரும். அதைத் தூக்கிக் கொடுக்கும் உங்களுக்கோ எலிக்காய்ச்சல். உயிருள்ள வளர்ப்பு எலியும் வேண்டாம், மூலையில் மாட்டிய எலி பாம்பின் கண்ணையும் முதுகையும் கடித்துக் குதறும்.

கொடுக்கும் முறையில் சிறு நுணுக்கம் உண்டு. வாலைப் பிடித்தால் உருகிய எலியின் வால்தோல் உரிந்து கையோடு வந்துவிடும். இடுப்புக்கு மேலான முதுகுத் தோலைப் பிடித்து, தலை முன்னால் வரும்படி, பாம்பின் முகத்திலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளிப் பக்கவாட்டில் மெதுவாக அசையுங்கள். மூக்கில் இடிக்கக் கூடாது. கவ்வியதும் விட்டுவிடுங்கள், பின்னுக்கு இழுக்காதீர்கள். சாப்பாடில்லாத நாளில் பெட்டியைத் திறந்ததும் பாம்புக் கொக்கியால் உடலின் நடுப்பகுதியை மெல்லத் தொடுங்கள். தொட்டால் எலி இல்லை என்பதைப் பல பாம்புகள் சில வாரங்களில் பழகிவிடும்.

எல்லாம் செய்தும் கவ்விவிட்டால் இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் போகும். குளிர்ந்த குழாய்த் தண்ணீரைப் பாம்பின் தலையில் ஓட விடுங்கள், சுற்றை வால் பக்கமிருந்து பிரித்தெடுங்கள். காயத்தைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, ஏற்பூசி எப்போது போட்டீர்கள் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். இரண்டரை மீற்றருக்கு மேற்பட்ட பாம்புக்குத் தனியாக இருக்கும்போது சாப்பாடு கொடுக்கவே கூடாது.

வேலை முடிந்ததும் இடுக்கியைச் சவர்க்காரத்தால் கழுவி, ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீரில் 10 நிமிடம் ஊற வைத்து, நன்றாக அலசித் துடையுங்கள். தரை கழுவும் பினைல் வகைத் திரவங்கள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு, கருவியில் மிச்சமிருக்கும் சொட்டும் ஆகாது. சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், சல்மொனெல்லா கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. கழுவியதை முனை கீழே வரும்படி, பாம்புப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்க விடுங்கள். கைப்பிடியில் சிவப்பு நாடா ஒன்றும் சுற்றி வையுங்கள். தொடர்மாடி வீட்டுச் சமையலறை லாச்சியில் கிடந்தால், அடுப்பில் ரொட்டி திருப்ப யாராவது அதைத்தான் எடுப்பார்கள்.