கண்ணாடி முகமும் கமரா முகமும்

சாமத்திய வீடோ கலியாண வீடோ, அல்பத்துக்குப் படம் தெரிவுசெய்யப் படப்பிடிப்பாளனான என்னிடம் வருகிறவர்கள், போஸ் கொடுக்காத நேரத்தில் இயல்பாக எடுத்த கண்டிட் படங்களில்தான் முகம் சுளிக்கிறார்கள். மேடையில் நிமிர்ந்து நின்ற படத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லாத பிள்ளை, அம்மம்மாவோடு வாய்விட்டுச் சிரிக்கும் படம் வந்ததும் கேட்கும்: "அண்ணை, ஏன் என்ர வாய் கோணலாக் கிடக்கு?"

யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒரே அச்சாக இருப்பதில்லை. கண்ணாடியில் நாம் தினமும் பார்ப்பது இடம்வலம் மாறிய முகம். கண் அதற்கே பழகிவிடுகிறது. 1977இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பெண்களிடம் அவர்களது படத்தையும் அதை இடம்வலம் மாற்றிய பிரதியையும் காட்டினார்கள். பெரும்பாலானோருக்குப் பிடித்தது கண்ணாடி முகம். அவர்களின் தோழிகளுக்கோ நேர்ப்படம்.

நானும் மடிக்கணினியில் படத்தைத் திருப்பிக் காட்டுவதுண்டு. வகிடும் மூக்குத்தியும் மறுபக்கம் போகும். "இப்பதான் என்னைப்போலக் கிடக்கு" என்று பிள்ளை சொல்லும். பக்கத்தில் நிற்கும் தாய், "இதென்ன, வேற ஆரோ மாதிரி!" என்பார். திருப்பாத படத்தில் இருக்கும், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த முகம் பிள்ளைக்கு மட்டும்தான் புதிது.

செல்ஃபியில் சிக்கல் இன்னும் கூட. 30 சென்ரிமீற்றரில் எடுத்தால், 1.5 மீற்றரில் எடுப்பதைவிட மூக்கு ஏறக்குறைய 30% அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணித்துக் காட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்துத் தன் மூக்கை வெறுக்கிற பிள்ளைகளை நான் காண்கிறேன். கை நீளத்துக்கு அப்பால் யாராவது நின்று எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எனக்கு உண்மையில் நோவது பெற்றோர் சொல்வது. "கொஞ்சம் வெள்ளையாக்கி, கன்னத்தையும் மெலிசாக்கி விடுங்கோ." பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை பக்கத்திலேயே நிற்கும். பருவையோ, வெளிச்சக் குறையையோ சரிசெய்து தருவேன். தோல் நிறத்திலும் முக அமைப்பிலும் கைவைக்க மாட்டேன். அப்படியொரு எண்ணம் இருந்தால் தயவுசெய்து பிள்ளைக்கு முன்னால் சொல்லாதீர்கள்.

கண்டிட் எடுப்பவர்களுக்கும் ஒன்று. அழும்போதோ சாப்பிடும்போதோ எடுத்த படத்தை ஒருவர் வேண்டாம் என்றால் அங்கேயே அழித்துவிடுங்கள். நல்லூர்த் திருவிழாவில் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழிக்கும் பெண்களை முகம் தெரிய எடுத்து, கேளாமல் முகநூலில் போடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

படம் தெரிவுசெய்ய வரும்போது அம்மம்மாவையோ, கூடப்பிறந்தவர்களையோ கூட்டிவாருங்கள். முதல் சுற்றை அவர்கள் தெரிவுசெய்யட்டும். பிள்ளை அதற்குப் பிறகு பார்க்கட்டும்.