ஹசார்டுக்குத் தமிழ்ல என்ன? இடர், பேரிடர், அபாயம் மூணையும் கடலூர வச்சுப் பாக்கலாம்

ஹசார்டுன்னா இடர். டிசாஸ்டர்னா பேரிடர். ரிஸ்க்னா அபாயம். அர்த்தம் மட்டும் தேடி வந்தவங்களுக்கு இது போதும். ஆனா பேச்சுலயும் நியூஸ்லயும் அரசாங்க அறிக்கையிலயும் இந்த மூணையும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே இருக்கோம், ஒரு கடலோர ஊருக்குத் திட்டம் போடுற எடத்துல இந்தக் குழப்பம் நுழைஞ்சிட்டா எதுக்குத் திட்டம் போடுறோம்ங்கிறதே மாறிப் போயிடுது, அதனாலதான் கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

மொதல்ல அந்த இங்கிலீஷ் சொல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாப்போம். ஹசார்டு பழைய பிரெஞ்சுல 'ஹசார்'னு இருந்த சொல், அது பகடை உருட்டுற ஒரு சூதாட்டத்தோட பேரு. அதுக்கும் முன்னாடி ஸ்பானிஷ் வழியா அரபில பகடைய குறிக்கிற 'அஸ்-ஸஹ்ர்'ல போய் நிக்குதுன்னு பெரும்பாலும் சொல்றாங்க, இதுல அறிஞர்களுக்குள்ள கருத்து வேறுபாடும் இருக்கு. டிசாஸ்டர் இத்தாலிய மொழிலேர்ந்து வந்தது, 'அஸ்ட்ரோ'ன்னா நட்சத்திரம், கெட்ட நட்சத்திரத்தால வந்த கேடுன்னு அர்த்தம். ஆக ஒண்ணு பகடைல பொறந்துச்சு, இன்னொண்ணு சோதிடத்துல பொறந்துச்சு, ரெண்டுமே மனுஷன் கையில எதுவும் இல்லைன்னு நம்புன காலத்துச் சொல்.

நம்ம இடர் அப்படி இல்ல. அது வர்ற எடத்துல எல்லாம் அதை நீக்கணும், களையணும்ங்கிற வினையும் கூடவே வருது பாருங்க. சம்பந்தர் திருநெடுங்களத்துல பாடுனது 'இடர் களையாய்'னுதான், அந்தப் பதிகத்தையே இடர் களையும் பதிகம்னுதான் ஜனங்க சொல்வாங்க. பொய்கையாழ்வார் தன்னோட முதல் பாட்டுலயே 'இடராழி நீங்குகவே'ன்னு முடிக்கிறார், இடராழின்னா துன்பக் கடல். பக்தி இலக்கியத்துல அது துன்பம்ங்கிற பொதுவான பொருள்லதான் வருது, ஹசார்டுங்கிற இன்னைக்கு இருக்குற தொழில்நுட்ப அர்த்தம் பின்னாடி ஏத்துனது, அதுல தப்பு ஒண்ணும் இல்ல, பழைய சொல்லுக்குப் புது வேலை குடுக்குறது எல்லா மொழியிலயும் நடக்குறதுதான். பள்ளிக்கூடப் புத்தகத்துலயும் இதே சொல்லத்தான் வச்சிருக்காங்க, எட்டாம் வகுப்பு சமூக அறிவியல்ல 'இடர்கள்'னே ஒரு பாடம் இருக்கு. சில கலைச்சொல் பட்டியல்ல 'இடையூறு'ன்னு பாத்தேன், அது எனக்கு ஒத்துக்கல, இடையூறுன்னா பக்கத்து வீட்டுல ரேடியோ சத்தமா வைக்கிறதுகூட இடையூறுதான், புயலுக்கு அந்தச் சொல்லோட கனம் பத்தாது.

இலங்கைல வேற மாதிரி. அங்க டிசாஸ்டருக்கு அனர்த்தம், அனர்த்த முகாமைத்துவ நிலையம்னுதான் அரசாங்க அலுவலகப் பேரே இருக்கு. இங்க அனர்த்தம்னா 'அர்த்தத்த அனர்த்தமாக்காத'ன்னு திட்டுறதுக்குத்தான் வரும், அவங்களுக்கு அது வெள்ளமும் மண்சரிவும். ரெண்டு நாட்டுலயும் இதுக்கான சட்டம் வந்தது 2005லதான். காரணம் எல்லாருக்கும் தெரியும், அதுக்கு முந்துன வருஷம் டிசம்பர் 26.

இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன். புயல் இடர். சுனாமி இடர். ஆத்துல வர்ற வெள்ளம் இடர். இது எதுவுமே தானா பேரிடர் ஆயிடாது. ஆளே இல்லாத தீவுல 140 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சா அது இடர்தான், அங்க பேரிடர்ங்கிற பேச்சே கெடையாது. நம்ம நாட்டோட 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டமே பேரிடருக்கு அர்த்தம் சொல்றப்ப, அந்தப் பகுதி மக்களோட சமாளிக்கிற சக்திக்கு மீறுன அளவுல இருக்கணும்னு ஒரு அளவுகோல் வைக்குது. அப்ப பேரிடர்ங்கிறதுல பாதி கடல்லேர்ந்து வருது, மீதி பாதி நாம வீடு எங்க கட்டுனோம், வடிகால்ல என்னத்த கொட்டுனோம், கரண்டு கம்பம் எப்படி நட்டோம், யாருக்கு எப்ப சேதி போச்சுங்கிறதுலேர்ந்து வருது. இயற்கைப் பேரிடர்னு நாம சர்வ சாதாரணமா எழுதுறோமே, அதுல இயற்கைங்கிற அடைமொழி இடருக்குத்தான் பொருந்தும், பேரிடருக்கு முழுசாப் பொருந்தாது. 'இயற்கை இடர்'னு எழுதுங்க, சரியா இருக்கும்.

கடலூர எதுக்கு எடுத்தேன்னா, 2021ல மாநகராட்சி ஆன சின்ன ஊரு, ஆனா வராத இடரே இல்ல. வடக்கால தென்பெண்ணை, ஊருக்கு நடுவுல கெடிலம், ஓல்டு டவுன் பக்கம் பரவனாறும் உப்பனாறும், கெழக்கால கடல். 2004 சுனாமில தேவனாம்பட்டினம், சொத்திக்குப்பம், சிங்காரத்தோப்புன்னு வரிசையா அடி, தெற்க பரங்கிப்பேட்டை வரைக்கும் மாவட்டம் முழுக்க சுமார் 600 உயிர் போச்சு. 2011 டிசம்பர் 30 விடியக்காலம் 'தானே'ங்கிற புயல் 120லேர்ந்து 140 கிலோமீட்டர் வேகத்துல இங்கயே கரையேறுச்சு, கம்பம் பூரா சாஞ்சுது, பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையா இருந்த பலாவும் முந்திரியும் வேரோட போச்சு. 2015 நவம்பர்ல நெய்வேலில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழை. 2024ல ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரையக் கடந்துச்சு, காத்துக்குத் தப்பிச்சோம்னு நெனச்சா டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணைலேர்ந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல தொறந்து விட்டாங்க, தென்பெண்ணைக் கரையோரம் மொத்தமும் தண்ணி.

இந்தக் கடைசி சம்பவத்த கவனிங்க. புயல் கடல்லேர்ந்து வந்துச்சு, ஊர முழுக்காட்டுன தண்ணி திருவண்ணாமலை மாவட்டத்துல இருக்குற அணைலேர்ந்து வந்துச்சு. கடலோர ஊருன்னா கடலப் பாத்து மட்டும் திட்டம் போட்டா பத்தாதுன்னு இதவிடத் தெளிவா சொல்ல முடியாது. இதுக்கு இங்கிலீஷ்ல மல்ட்டி ஹசார்டுன்னு ஒரு சொல் வச்சிருக்காங்க, தமிழ்ல 'பல்லிடர்'னு அழகா வரும், பல் இடர், பல்லிடர், பல்லுயிர்னு சொல்றோமே அதே மாதிரி. பல்லிடர்த் திட்டம்ங்கிறது ஒவ்வொரு இடருக்கும் தனித்தனியா ஒரு அத்தியாயம் எழுதி ஒட்டுறது கெடையாது, ஒண்ணு மேல ஒண்ணு வர்றப்ப என்ன ஆகும்னு பாக்குறது. புயல் நேரத்துல கடல் மட்டம் ஏறி நின்னா ஆத்துத் தண்ணி முகத்துவாரத்துல வடியாம எதுத்துத் தள்ளும், தாழங்குடா மாதிரி முகத்துவாரத்து ஊருக்கு ரெண்டு பக்கமும் தண்ணி.

அந்தக் கடல் மட்டம் ஏறுறதுக்குத்தான் நம்மகிட்ட இன்னும் நல்ல சொல் பழக்கத்துக்கு வரல. இங்கிலீஷ்ல ஸ்டார்ம் சர்ஜ். வானிலை அறிக்கைல 'கடல் சீற்றத்துடன் காணப்படும்', 'கொந்தளிப்புடன் காணப்படும்'னு வரும், ஆனா அது அலை பெருசா அடிக்கிறது. சர்ஜுங்கிறது வேற. புயல் காத்து கடல் தண்ணியக் கரைய நோக்கித் தள்ளித் தள்ளி மொத்தக் கடலும் வழக்கமான மட்டத்தவிட ஒசந்து நிக்குறது, அலை அதுக்கு மேல ஏறி அடிக்கும். கரையோரக் கடல் ஆழம் கம்மியா அகலமா இருந்தா இன்னும் ஒசரும். தானே புயல்ல இது சுமார் 1 மீட்டர், 1977 நவம்பர்ல ஆந்திராவோட திவிசீமைல சுமார் 5 மீட்டர், அங்க 10,000 பேருக்கு மேல செத்தாங்க. காத்து வேகத்த மட்டும் நியூஸ்ல போட்டுட்டு இத சொல்லாம விட்டா ஜனங்க ஓட்டு வீட்டுலேர்ந்து பக்கத்து மாடி வீட்டுல தங்குனா போதும்னு நெனப்பாங்க, கடல் தெருவுக்குள்ள வரும்னு நெனைக்க மாட்டாங்க. குப்பத்துல 'கடல் ஏறிடுச்சு'ன்னுதான் சொல்வாங்க, அதுலேர்ந்தே 'புயல் கடலேற்றம்'னு எடுத்துக்கலாம்ங்கிறது என் கருத்து. 'புயல் எழுச்சி'ன்னு சிலர் எழுதுறாங்க, அத கேட்டா புயலே எந்திரிச்ச மாதிரி இருக்கு, தண்ணி கண்ணுக்குத் தெரியல.

ஜனங்க பழக்கத்துல இருக்குற சொல்லுக்கு எவ்ளோ பலம்னு பாக்கணும்னா கூண்டு போதும். துறைமுகத்துல புயல் எச்சரிக்கைக் கூண்டு 1லேர்ந்து 11 வரைக்கும் உண்டு, பகல்ல கூம்பும் உருளையும் கம்பத்துல ஏத்துவாங்க, ராத்திரில விளக்கு.

"அண்ணே, கூண்டு எத்தினிண்ணே?"

"மூணு ஏத்திட்டாங்கப்பா, இன்ஜின அவுத்து வச்சுட்டு போட்ட மேல இழு."

முடிஞ்சுது. இந்த ரெண்டு வரில எச்சரிக்கை, அதோட அளவு, செய்ய வேண்டிய வேலை எல்லாம் வந்துடுச்சு. மேலதிகாரிங்ககிட்டப் போற பக்கம் பக்கமான திட்ட அறிக்கை இந்த மாதிரி ஒரு வாக்கியமா எறங்கி வரலைன்னா அது யாருக்கும் உதவாது. ஆனா கூண்டு கப்பலுக்கும் கடலுக்குப் போறவங்களுக்கும் வந்த ஏற்பாடு, ஆத்தங்கரைல இருக்குறவங்களுக்கு அது பேசாது, அவங்களுக்கு 'வெள்ள அபாய எச்சரிக்கை', அதோட கன அடிக் கணக்கு. 1.6 லட்சம் கன அடின்னா எந்தத் தெருவுல முழங்கால் அளவு, எந்தத் தெருவுல கழுத்தளவுன்னு சொன்னாத்தான் அது சேதி.

அபாயம்ங்கிற சொல்லையும் இங்கயே பாத்துடலாம். வடமொழிச் சொல்தான், ஆனா ஊறிப் போயிடுச்சு. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்துல கடகடன்னு படிக்கிறாங்களே 'சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை'ன்னு, அங்க ரிஸ்க்க சரியாத்தான் மொழிபெயர்த்திருக்காங்க. இடர் எவ்ளோ பெருசு, அதுக்கு முன்னாடி எத்தன பேரு இருக்காங்க, அவங்க எந்த நெலைல இருக்காங்க, இது மூணும் சேந்தாத்தான் அபாயம். புயல நம்மால நிறுத்த முடியாது, அதனால இடர் குறைப்புன்னு எழுதுறது புயல் விஷயத்துல அர்த்தமே இல்லாதது, அபாயக் குறைப்புன்னு எழுதணும். சில அறிக்கைல 'பேரிடர் இடர் குறைப்பு'ன்னு வருது, படிக்கிறவங்களுக்கு ஒரே சொல்ல ரெண்டு தடவ தெரியாம அடிச்சுட்டாங்கன்னு தோணும், 'பேரிடர் அபாயக் குறைப்பு'ன்னு போட்டா தெளிவு.

மிட்டிகேஷன்னா தணிப்பு. நிவாரணத்தோட இத கலக்கக் கூடாது, நிவாரணம் அப்புறம் குடுக்குறது, தணிப்பு முன்னாடியே செய்றது. உலக வங்கி கடனோட 2013ல ஆரம்பிச்ச கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்துல கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி மூணு ஊருலயும் கரண்டு லைன பூமிக்கடில கொண்டு போற வேலைய சேத்தாங்க. தானே புயல்ல சாஞ்ச கம்பத்துக்கு அதான் பதில், அதான் தணிப்பு. பிச்சாவரத்து அலையாத்திக் காட்டையும் கரையோர சவுக்கையும் சுனாமிக்கு அப்புறம் நெறைய பேரு ஆராய்ச்சி பண்ணாங்க, மரம் இருந்த எடத்துக்குப் பின்னாடி சேதம் கம்மின்னு ஒரு தரப்பு, ஊரு கடல்லேர்ந்து எவ்ளோ தூரத்துல எவ்ளோ உயரத்துல இருக்குங்கிறதுதான் பெரிய காரணம்னு இன்னொரு தரப்பு. என்னைக் கேட்டா ரெண்டையும் எடுத்துக்கிட்டுத்தான் திட்டம் போடணும், சவுக்கு நட்டாச்சுன்னு சொல்லி தாழ்வான எடத்துல பட்டா குடுக்கக் கூடாது.

கடைசியா ஒரு சொல், ஹசார்டு லைன். 2011ல வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைல இது நுழைஞ்சுது. அலை, ஓதம் (தெனமும் கடல் ஏறி எறங்குறது), கரை அரிப்பு, கடல் மட்டம் ஏறுறது எல்லாத்தையும் கணக்குல எடுத்து, கடல் எதுவரைக்கும் வரலாம்னு வரைபடத்துல போடுற கோடு. 2019ல வந்த புது அறிவிக்கைல கட்டடத் தடையிலேர்ந்து இந்தக் கோட்ட பிரிச்சு, பேரிடர் மேலாண்மைத் திட்டத்துக்கு மட்டும் பயன்படுத்துற கருவியா ஆக்கிட்டாங்க. அதாவது கோட்டுக்கு உள்ள இருக்குங்கிறதால மட்டும் வீடு கட்ட அனுமதி மறுக்கப்படாது. எனக்கு இது பெரிய பின்வாங்கலாத்தான் படுது. சரி, திட்டமிடவாச்சும் பயன்படணும்னா அந்தக் கோடு எங்க போகுதுன்னு ஊருக்குத் தெரியணுமில்லையா. தமிழ்ல இத 'இடர்க்கோடு'ன்னு சொல்லலாம், அபாயக்கோடுன்னு சொன்னா ஆத்துப் பாலத்துல செவப்புல போட்டிருக்குற வெள்ளக் குறியோட கலந்துடும். கடலூர்ல வண்டிப்பாளையம் பக்கம் கரையேறவிட்ட குப்பம்னு ஒரு எடம் இருக்கு, கல்லக் கட்டிக் கடல்ல போட்ட அப்பர் கரையேறுன எடம்னு சொல்வாங்க, இன்னைக்குக் கடல் அங்கேர்ந்து நல்லாத் தள்ளி இருக்கு. கரையும் ஆறும் எடம் மாறும்ங்கிறது இந்த ஊருக்குப் புதுசு கெடையாது. தேவனாம்பட்டினத்துலயும் தாழங்குடாலயும் ஒவ்வொரு வார்டு ஆபீஸ் செவுத்துலயும் தெருப்பேரோட இடர்க்கோட்ட தமிழ்ல வரைஞ்சு மாட்டணும், மழைக்காலத்துக்கு முன்னாடி, வாடைக்காத்து ஆரம்பிக்கறதுக்குள்ள.