ஈறுக்குள் ஒரு திறந்த புண்

சோழவந்தானில் இருக்கும் என் அத்தைக்குக் கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கியதும் மதுரைக்கு அழைத்துவந்து பல் டாக்டரிடம் காட்டினேன். கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். வாயில் எந்நேரமும் வெற்றிலை பாக்கு இருக்கும். பத்து வருடமாகச் சுகர் வேறு. மாத்திரையை விடுவதில்லை, சோற்றையும் குறைத்துவிட்டார். அப்படியும் சுகர் இறங்கவில்லை.

"ஈறுல ரத்தம் வருமாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"வரும். அதான் அந்தப் பக்கம் பிரஷ்ஷே விடுறதில்ல."

மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கினார் டாக்டர். நல்ல ஈறில் அது 1 முதல் 3 மில்லிமீட்டர் வரைதான் போகும். அத்தைக்கு 6 வரை போனது. கம்பியை எடுத்ததும் அந்த இடத்தில் ரத்தம் கசிந்து நின்றது.

பல்லில் படியும் பிசுபிசுப்பான படலம் முழுக்கக் கிருமிகள். தேய்த்து எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள கால்சியம் சேர்ந்து கெட்டிப்பட்டுக் காரையாகிறது. அதை எதிர்க்க உடம்பு வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. கிருமியைக் கொல்ல அவை விடும் ரசாயனங்கள் பல்லைப் பிடித்திருக்கும் நார்களையும் எலும்பையும் சேர்த்தே கரைக்கின்றன. பல் ஆடுவதற்குக் கிருமியைவிட நம் உடம்பின் இந்தச் சண்டைதான் பெரிய காரணம். ஈறு பல்லை விட்டு விலகிப் பை போல ஆகிறது. காற்றுப் புகாத அந்தப் பைக்குள் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற பொல்லாத கிருமிகள் செழிக்கின்றன.

அந்தப் பையின் உட்சுவர் புண்ணாகிக் கிடக்கும். ஈறு நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பைகளின் பரப்பைக் கூட்டினால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரும் என்று 2001-இல் ஒரு கணக்கு வெளியானது. ஏறக்குறைய ஒரு தீப்பெட்டியின் மேல்பக்கம். சுகர் உள்ளவருக்குக் காலில் அந்த அளவு புண் வந்தால் வீடே பதறும். வாய்க்குள் இருப்பதால் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம்.

மெல்லும்போதும் பல் தேய்க்கும்போதும் அந்தப் புண் வழியாகக் கிருமிகள் ரத்தத்துக்குள் நுழைகின்றன. பெரும்பாலும் சில நிமிடங்களில் உடம்பே அவற்றை அழித்துவிடும். செயற்கை இதய வால்வு வைத்தவர்களுக்கு அவை வால்வில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பல் பிடுங்கும் முன் அவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது இதனால்தான்.

சுகர் கதை இன்னும் நெருக்கமானது. புண்ணான ஈறிலிருந்து அழற்சியைத் தூண்டும் புரதங்கள் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கின்றன. அவை இன்சுலின் சொல்வதைச் செல்கள் கேட்கவிடாமல் தடுக்கின்றன, சுகர் ஏறுகிறது. ஏறிய சுகர் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுத்து, வெள்ளை அணுக்களையும் மந்தமாக்குகிறது. ஈறு இன்னும் கெடுகிறது. நல்ல செய்தி, இந்தச் சுழலை ஈறுப் பக்கமிருந்தும் தளர்த்தலாம். பல ஆய்வுகளைத் திரட்டி 2022-இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி, ஈறுக்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி அளவு (கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, சதவீதத்தில் சொல்வார்கள்) சுமார் 0.4 புள்ளி குறைந்தது. மாத்திரைக்குப் பதில் இது ஆகாது, ஆனால் கூடவே கிடைக்கும் பலன்.

மாரடைப்பு விஷயத்தில் நிதானம் வேண்டும். ஈறு நோயும் இதய நோயும் சேர்ந்தே காணப்படுகின்றன. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நிரூபணமாகவில்லை என 2012-இல் அமெரிக்க இதயச் சங்கம் சொன்னது. புகை, சுகர் என்று இரண்டுக்கும் பொதுவான காரணங்கள் உண்டு.

புகையிலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்குவதால் ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் அதிகம் வராமல் போகலாம். ரத்தம் வரவில்லையே என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

"கிளீன் பண்ணா பல்லு ஆடும்" என்று அத்தை பயந்தார். நம் ஊரில் இந்தப் பயம் பரவலாக உண்டு. எலும்பு கரைந்த பல்லைக் காரை சிமெண்ட் பூசியதுபோல் பக்கத்துப் பல்லோடு பிடித்து வைத்திருக்கும். காரையை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டமும் இடைவெளியும் தெரியவரும், அவ்வளவுதான். கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது. ஆரம்பநிலை வீக்கம் முழுசாக ஆறும்: 1965-இல் டென்மார்க்கில் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் துலக்கியதும் சில நாட்களில் சரியானது.

அத்தைக்கு நான்கு தடவையாகச் சுத்தம் செய்தார்கள். ரத்தம் வரும் இடத்தில்தான் மென்மையான பிரஷ்ஷால் கூடுதலாகத் தேய்க்க வேண்டும் என்று டாக்டர் கண்ணாடி பிடித்துக் காட்டினார். போன வாரம் அத்தை போன் செய்தார். "துப்புனா வெள்ளையா வருதுப்பா, செவப்பு இல்ல. பாக்கையும் விட்டுட்டேன்."