அந்த ஆறு இலக்கத்தை ஆருக்கும் குடுக்காதேங்கோ

"என்ர வட்ஸ்அப்பை ஆரோ ஹக் பண்ணிட்டாங்கள்." யாழ்ப்பாணத்தில் இந்த முறைப்பாட்டோடு வருகிற பலரின் போனை ஒருத்தரும் தொட்டதே இல்லை. எஸ்.எம்.எஸ்ஸில் வந்த ஆறு இலக்கக் கோட்டை அவர்களே எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கேட்டு வந்த மெசேஜில் இருந்தது ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளின் நம்பர், மச்சாளின் படம். "உங்களுக்கு மாறி ஒரு கோட் வந்திட்டுது, ஒருக்கா அனுப்பிவிடுங்கோ." மச்சாளின் கணக்கு அதற்கு முதலே பறிபோய்விட்டது, கேட்டவன் திருடன். அந்தக் கோட்டைப் போட்டால் உங்கள் வட்ஸ்அப் அவன் போனில் திறக்கும். போனுக்கு வைரஸ் கார்ட் போட்டால் சரிவருமா என்று கேட்காதீர்கள். வராது.

இன்னொரு பேச்சு இதைவிட எரிச்சல்: "என்னட்டை என்ன கிடக்கு, ஆர் என்னை ஏமாத்தப்போறான்?" உங்கள் வங்கிப் புத்தகம் திருடனுக்குத் தேவையில்லை. உங்கள் பெயரில் கேட்டால் மறுக்காத ஆட்கள்தான் தேவை. ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரின் போனில் பழைய மாணவர் குழு, கோயில் திருவிழாக் குழு, ஊர்ச் சங்கக் குழு எல்லாம் இருக்கும். லண்டன், பாரிஸ், சூரிச் வரை ஆட்கள். "அவசரமாய் ஐம்பதாயிரம் வேணும், நாளைக்குத் தாறன்" என்று சேர் எழுதினால் எந்த மாணவன் ஏன் என்று கேட்பான்? சேரிடம் பத்து ரூபாய் இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கு திருடனுக்குப் பெறுமதியானது.

காசு கேட்டு மெசேஜ் வந்தால் சாதாரண அழைப்பு எடுத்துக் குரலைக் கேளுங்கள், வட்ஸ்அப்பில் எடுக்காதீர்கள். காசு போடச் சொல்லும் வங்கிக் கணக்கு யாருடைய பெயரில் என்றும் பாருங்கள். அநேகமாக ஒரு மூன்றாம் ஆள். கமிஷனுக்காகத் தங்கள் கணக்கைக் கொடுக்கும் பெடியளே, பொலிஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

கோட்டைக் கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். வட்ஸ்அப்பில் உங்கள் நம்பரை உடனே திரும்பப் பதியுங்கள். புதுக் கோட்டைப் போட்டதும் அவன் வெளியே. அவன் ஏற்கெனவே உங்கள் கணக்குக்கு ஒரு பின் (PIN, இரகசிய இலக்கம்) போட்டிருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும். ஆனாலும் அவனால் தொடர முடியாது. கோட் வராமல் காத்திருக்கச் சொன்னால் அவன் பலதரம் கோட் கேட்டுப் பார்த்திருப்பான். திரையில் காட்டும் நேரம் முடியட்டும், சும்மா தட்டிக்கொண்டிருக்காதீர்கள். அதற்கிடையில் குழு நிர்வாகிகளுக்கு அழைப்பெடுத்து உங்கள் நம்பரை நீக்கச் சொல்லுங்கள். காசு போயிருந்தால் அனுப்பியவர் அந்த நிமிடமே தன் வங்கிக்குச் சொல்லவேண்டும். உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம், போன காசை மறந்துவிடுங்கள். கணினிப் பாதுகாப்புச் சிக்கல்களுக்கு உதவும் இலங்கை சேர்ட் (CERT) அமைப்புக்கு 101 இல் அழைத்தால் வழி சொல்வார்கள். பொலிஸ் முறைப்பாட்டுக்கு மெசேஜ்களின் ஸ்க்ரீன்ஷொட்டை எடுத்து வையுங்கள், அழித்துவிட்டு வராதீர்கள். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. ஆதாரம் இல்லாமல் அதை வைத்து என்ன செய்வது?

இன்றைக்கே செய்யக்கூடியது: செற்றிங்ஸ், எக்கவுண்ட், ரூ-ஸ்ரெப் வெரிபிகேஷன் (கோட்டோடு பின்னும் கேட்கும் இரண்டாவது பூட்டு). ஆறு இலக்கப் பின் ஒன்று போடுங்கள், பிறந்த திகதி வேண்டாம். மின்னஞ்சலையும் சேருங்கள், பின் மறந்தால் அதுதான் கைகொடுக்கும். லிங்க்ட் டிவைசஸில், அதாவது உங்கள் கணக்கு திறந்திருக்கும் மற்றக் கருவிகளின் பட்டியலில், தெரியாத கணினி நின்றால் வெளியேற்றுங்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து வாங்கிய சிம்மில் அம்மாவுக்கு வட்ஸ்அப் பதிந்துவிட்டுப் போகிறீர்கள். ரீலோட் போடாமல் விட்டால் சிம் செத்துவிடும். அந்த நம்பர் பிறகு வேறொருவருக்கும் போகலாம். அப்போது மீட்பதற்கான கோட் அம்மாவுக்கு வராது. அம்மாவின் கையிலுள்ள சிம்முக்கே கணக்கை மாற்றிக் கொடுங்கள். செற்றிங்ஸில் 'சேஞ்ச் நம்பர்' என்று இருக்கிறது. பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுங்கோ.