ஆன்டிபாடி: பிறபொருளெதிரி

கொரோனா பரவிய நாட்களில் ‘ஆன்டிபாடி’ என்ற சொல் ஆய்வுக்கூடத்தை விட்டு வீடுகளுக்குள் வந்துவிட்டது. உடலில் அது உண்டாகியிருக்கிறதா, எத்தனை மாதம் நிலைக்கும், தடுப்பூசி போட்டால் கூடுமா என்று உயிரியல் படிக்காதவர்களும் கேட்டார்கள். அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தாலோ குழப்பமே மிஞ்சும். ‘ஆன்டி’ என்றால் எதிர், ‘பாடி’ என்றால் உடல். அப்படியே பெயர்த்தால் ‘உடல் எதிரி’ என்றாகிவிடும். நம்மைக் காக்கும் பொருளுக்குப் பகைவனின் பெயர்!

பிழை ‘பாடி’யைப் புரிந்துகொள்வதில் இருக்கிறது. ஆங்கிலம் இந்தச் சொல்லை ஜெர்மன் மொழியிலிருந்து பெயர்த்துக்கொண்டது. மூலச்சொல் ‘ஆன்டிகோர்ப்பர்’. ‘கோர்ப்பர்’ உடலையும் குறிக்கும். பருப்பொருள் எதையும் குறிக்கும். கண்ணில் விழுந்த தூசியும் அம்மொழியில் ஓர் அயல் ‘கோர்ப்பர்’தான். ஆகவே ஆன்டிகோர்ப்பர் என்பது எதிர்த்து நிற்கும் பொருள்.

அது பிறந்த கதையில் நாம் நன்கறிந்த இரண்டு விதைகள் வருகின்றன. 1890இல் பெர்லினில் எமில் பெரிங்கும் ஷிபாசாபுரோ கிடசாட்டோவும், நோயைத் தாங்கப் பழக்கிய விலங்கின் குருதிநீரை வேறொரு விலங்குக்குச் செலுத்தினால் அதுவும் காப்புப் பெறுகிறது என்று காட்டினார்கள். மறு ஆண்டு பால் எர்லிக் ஆமணக்கு விதையிலுள்ள ரிசினையும் குன்றிமணியிலுள்ள அப்ரினையும் எலிகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கினார். கொல்லக்கூடிய அளவையும் அவை தாங்கின. ஆனால் ரிசினுக்குப் பழகிய எலியை அப்ரின் கொன்றது. இரண்டு நஞ்சுகளும் வெவ்வேறு ஆன்டிகோர்ப்பர்களை உண்டாக்குகின்றன என்றால் அந்த நஞ்சுகளும் வெவ்வேறானவையே என்று 1891இல் அவர் எழுதினார். இன்னாருக்கு இன்னார்தான் எதிரி என்ற கருத்து இந்தச் சொல்லோடு சேர்ந்தே பிறந்தது. அன்றைக்கு அந்தப் பொருளின் வடிவத்தை யாரும் அறிந்திருக்கவில்லை. அது ஒரு புரதம் என்பதும் ஆங்கில ‘ஒய்’ எழுத்தைப் போன்ற வடிவம் உடையது என்பதும் பிற்காலத்தில் தெளிவாயின. அதன் கட்டமைப்பைக் கண்டறிந்த ஜெரால்டு எடல்மேனுக்கும் ராட்னி போர்ட்டருக்கும் 1972இல் நோபல் பரிசு கிடைத்தது.

தமிழில் மூன்று சொற்கள் போட்டியிடுகின்றன. ‘எதிர்ப்பொருள்’ மூலச்சொல்லுக்கு மிக நெருக்கமானது. ஆனால் இயற்பியலில் பேசப்படும் எதிர்ப்பருப்பொருளோடு (ஆன்டிமேட்டர்) குழம்பும். ‘பொருள்’ என்பதற்கு அர்த்தம் என்ற பொருளும் இருப்பதால் இலக்கணச் சொல்லோ என்றும் தோன்றும். ‘எதிர்ப்பான்’ சுருக்கமானது; துடைப்பான், அழிப்பான் போல வழக்கத்துக்கு ஏற்ற ஆக்கம். எதை எதிர்க்கிறது என்பதை மட்டும் அது சொல்வதில்லை. மூன்றாவது ‘பிறபொருளெதிரி’. நீளமான சொல்தான். நான் இதையே தேர்ந்தெடுப்பேன், ‘பிற’ என்ற ஈரெழுத்துக்காக. தன்னுடையது எது, பிறிது எது என்று பிரித்தறிவதே நோயெதிர்ப்பின் உயிர்நாடி. ஆங்கிலச் சொல்லிலும் ஜெர்மன் சொல்லிலும் இல்லாத அந்த அறிவு தமிழ்ச் சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

கொரோனா சோதனைகளின் பெயர்களில் இதன் பயன் உடனே தெரியும். ஆன்டிஜென், ஆன்டிபாடி என்ற ஒலி ஒற்றுமையால் தடுமாறியவர்கள் ஏராளம். ஆன்டிஜென் என்ற பெயரே ஆன்டிபாடியைத் தோற்றுவிப்பது என்ற கருத்தில் அமைந்தது. முதலாவது, மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸின் புரதத்தைத் தேடுகிறது. இப்போது தொற்று இருக்கிறதா என்று சொல்கிறது. இரண்டாவது, குருதியில் உடலின் மறுமொழியைத் தேடுகிறது. அந்த மறுமொழி தென்பட ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். ‘பிறபொருள் சோதனை’, ‘பிறபொருளெதிரி சோதனை’ என்றிருந்தால் எது எதைத் தேடுகிறது என்று பெயரே சொல்லிவிடும்.

இன்னொரு தொடர் எனக்கு நெடுநாள் உறுத்தல். ‘நியூட்ரலைசிங் ஆன்டிபாடி’யை ‘நடுநிலையாக்கும்’ என்று பெயர்ப்பது பொருந்தாது. அமிலமும் காரமும் நடுநிலையாகலாம். வைரஸ் எந்த நடுநிலைக்கும் வருவதில்லை. கொரோனா வைரஸ் தன் கூர்ப்புரதத்தால் நம் செல்லின் மேலுள்ள ஏசிஇ2 ஏற்பியைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. அந்தப் பிடிக்கும் இடத்திலேயே போய் அமர்ந்துகொள்ளும் பிறபொருளெதிரி, சுருக்கமாக எதிரி, வைரஸை முடக்கிவிடுகிறது. ‘முடக்கும் பிறபொருளெதிரி’ என்பதே சரி. வைரஸில் ஒட்டிக்கொள்ளும் எல்லா எதிரிகளும் அதை முடக்குவதில்லை என்பதால் இந்த அடைமொழியைக் கவனமாக வைக்க வேண்டும்.

முடக்கும் எதிரிகளைத் தனியே பிரித்தெடுத்து மருந்தாக்கியது கொரோனா ஆராய்ச்சியின் பெரிய முயற்சி. பாம்லானிவிமேப், சோட்ரோவிமேப் என்ற பெயர்களின் கடைசியில் ‘வி’ வைரஸையும் ‘மேப்’ ஒற்றைவகைப் பிறபொருளெதிரியையும் குறிக்கின்றன. சோட்ரோவிமேப்பின் மூலம் வியப்பூட்டுவது: 2003இல் சார்ஸ் நோய் கண்டு மீண்ட ஒருவரின் நினைவுச் செல்களிலிருந்து, அதாவது முன்பு கண்ட கிருமியை நினைவில் வைத்திருக்கும் நோயெதிர்ப்புச் செல்களிலிருந்து, வந்தது அது. பழைய வைரஸுக்காக உருவான எதிரி, புதிய வைரஸின் மாறாத ஒரு பகுதியையும் அடையாளம் கண்டுகொண்டது. பிறகு ஓமிக்ரானின் கிளைகள் அந்தப் பிடியிலிருந்தும் நழுவின. எதிரி மாறவில்லை, ‘பிறபொருள்’ மாறிவிட்டது. பிற்பாடு பெயரிடும் முறையும் மாறி ‘மேப்’ கைவிடப்பட்டது. 2024இல் அமெரிக்காவில் அவசரப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்ற பெமிவிபார்ட் புது முறைப்படி ‘பார்ட்’ என்று முடிகிறது.

‘பிற’ என்ற சொல்லுக்கு மறுப்பும் இதே ஆராய்ச்சியிலிருந்து வந்தது. உயிருக்கு ஆபத்தான கொரோனா நிமோனியா கண்ட 987 பேரை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில், 101 பேரின் குருதியில் அவர்களுடைய சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிரிகள் இருந்தன. இன்டர்ஃபெரான், வைரஸ் நுழைந்ததும் செல்கள் எழுப்பும் முதல் எச்சரிக்கை. அறிகுறி இல்லாத அல்லது லேசான தொற்றுடைய 663 பேரில் ஒருவரிடமும் இவை காணப்படவில்லை. காக்க வேண்டிய ஆன்டிபாடியே சொந்தக் காவலைக் கட்டிப்போட்டிருந்தது.

அதைப் ‘பிறபொருளெதிரி’ என்று அழைக்க முடியாதே என்று கேட்கலாம். உண்மைதான், அழைக்கக் கூடாது. ‘பிற’வை எடுத்துவிட்டுத் ‘தன்’னை வைத்தால் போதும்: தன்பொருளெதிரி.