குஞ்சு விடுறதுக்கு முன்னாடி அடையாளம் நிக்குமான்னு பாருங்க

ஹேட்சரில வளர்த்த நாட்டு மீன் குஞ்சுகளை ஆத்துல விட்டாச்சு, வேலை முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆனா அடுத்த வருஷம் வலையில விழுற மீன் நாம விட்டதா, ஆத்துலயே பொறந்ததான்னு பிரிச்சு சொல்ல முடியலன்னா, விட்டதுக்கு பலன் இருந்துச்சான்னு யாருக்குமே தெரியாது. அதுக்குத்தான் குஞ்சு மேல அடையாளம் போடுற டேக், மார்க் எல்லாம். எது பெஸ்ட்னு கேக்குறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்குறது, குஞ்சு என்ன சைஸ், உங்களுக்கு என்ன தெரியணும்?

துடுப்பு வெட்டுறதுக்கு ஒரு கத்தரி போதும், செலவே இல்ல. ஓரத்த மட்டும் வெட்டுனா திரும்ப வளந்துடும். சால்மன், ட்ரவுட்டுக்கு வாலுக்கு முன்னாடி ஒரு குட்டி கொழுப்புத் துடுப்பு இருக்கு, அதைத்தான் வெட்டுவாங்க, கெண்டை வகைக்கு அது கிடையவே கிடையாது, அதனால அந்த முறைய அப்படியே இங்க கொண்டுவர முடியாது.

சின்ன குஞ்சுக்கு எனக்குப் பிடிச்சது எலாஸ்டோமர். கலர் திரவத்த மெல்லிய ஊசியில தோலுக்கு அடியில கோடு மாதிரி போடுவோம், உள்ள போய் ரப்பரா இறுகிடும், நீல லைட் அடிச்சா பளிச்சுனு தெரியும். ஊசிய வெளிய இழுக்கும்போது கடைசி நுனி வரைக்கும் அழுத்திட்டே வரக்கூடாது, கொஞ்சம் முன்னாடியே நிறுத்திடணும், இல்லன்னா திரவம் ஓட்டை வாயில நீட்டிட்டு நிக்கும், அப்புறம் மொத்தக் கோடும் அது வழியா வெளிய வந்துடும். தோல் கருப்பா, தடிமனா இருக்குற மீனுக்கு இது சரிப்படாது, வளர வளர மறைஞ்சும் போகும்.

ஒவ்வொரு மீனையும் தனித்தனியா தெரியணும்னா பிட் டேக்தான், உடம்புக்குள்ள வெக்கிற குட்டி சிப் அது. பேட்டரி இல்ல, வழக்கமா 12 மிமீ நீளம், ரீடர் காட்டுனா நம்பர் வரும், மீன் உசுரோட திரும்ப தண்ணிக்கு போகலாம். விலைதான் ஜாஸ்தி, பொடிக் குஞ்சுக்கும் ஆகாது. கோடட் வயர் டேக், அதாவது நம்பர் பொறிச்ச கம்பித் துண்டு, 1.1 மிமீ தான், மூக்குப் பக்கம் போடுவாங்க, ஆனா அந்த நம்பர படிக்க மீனைக் கொல்லணும். அழிஞ்சுட்டு வர்ற இனத்துக்கு அத போடுறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

லட்சக்கணக்குல நுண்குஞ்சு விடுறவங்களுக்கு அலிசரின் மாதிரி சாயத்தண்ணியில ஊற வெச்சு, மீன் தலைக்குள்ள காதுல இருக்குற செவிக்கல்லுல மார்க் ஏத்துறது நடக்குற காரியம், அதையும் கல்ல எடுத்துத்தான் பாக்கணும். தாய் மீன்களோட டிஎன்ஏ-வ முதல்லயே எடுத்து வெச்சா குஞ்சு மேல கையே வைக்க வேண்டாம், பின்னாடி ஒரு துளி துடுப்பு போதும், ஆனா ஒரு தாய் மீன் விடுபட்டாலும் அதோட குஞ்சுகள் கணக்குல வராது.

எந்த முறையா இருந்தாலும் நான் விடாம சொல்றது ஒண்ணு இருக்கு. டேக் போட்ட கூட்டத்துல ஒரு பங்க டேங்க்லயே வெச்சு, எத்தனை செத்துச்சு, எத்தனைக்கு டேக் உதிர்ந்துச்சுன்னு பாருங்க. 100 மீனுல 30க்கு உதிர்ந்து போச்சுன்னு வைங்க, அந்த 30ம் பின்னாடி சர்வேல மாட்டும்போது ஆத்துல பொறந்த மீன்னு எழுதிடுவோம், இனம் தானா பெருகுதுன்னு ரிப்போர்ட் போகும், பாதுகாப்ப தளர்த்திடுவாங்க. இந்த பயத்துலதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன். டேங்க் இடம் இல்லன்னா விடுற எண்ணிக்கைய குறைச்சாவது ஒண்ணு ஒதுக்குங்க, டேக் போட்டது யாருன்னும் குறிச்சு வைங்க, ஏன்னா கைக்கு கை உதிர்ற அளவு மாறும்.