ஸ்டென்ட் வைத்தவரைப் படுக்க வைக்காதீர்கள்

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். சுங்கை சிப்பூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருபது வருடமாகச் செம்பனைப் பழம் வெட்டியவர், வயது 54. மாரடைப்பு வந்து, அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிவலைக் குழாயை வைத்து, வீடு திரும்பிப் பதினொரு வாரம் ஆகிறது. மனைவி கையைப் பிடித்து மெல்ல உள்ளே கூட்டி வந்தார்.

"நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது டாக்டர். இன்னொரு அடைப்பு இருக்குமோ?"

ஈசிஜியில் புதிதாக ஒன்றுமில்லை. எக்கோ ஸ்கேனிலும் இதயம் நன்றாகத்தான் சுருங்கி விரிகிறது. கைலியை முட்டிக்கு மேலே தூக்கச் சொன்னேன். குலை குலையாய்த் தூக்கிப் போட்ட மனிதரின் தொடையில் தசை வற்றி, தோல் தொங்கியது. ஆறு நிமிட நடைச் சோதனைக்காக வராந்தாவில் நடக்க வைத்தேன். இரண்டாவது நிமிடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சு வலியா என்றால் இல்லை. "கால்தான் டாக்டர், தூக்க முடியல."

"ஏன்க்கா, இத்தனை வாரமா என்ன செஞ்சாரு?"

"எங்க விட்டோம்? குளிக்கிற தண்ணியக்கூட நான்தான் ரூமுக்குக் கொண்டுபோறேன். ஆட்டவே கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்க."

அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. டிஸ்சார்ஜ் தாளிலேயே 'ரெஸ்ட்' என்ற ஒரு வார்த்தைதான் இருந்தது. எத்தனை நாள், எப்போது எழுந்து நடப்பது, எதுவும் இல்லை.

'புண்பட்ட இதயம், அசைத்தால் போச்சு' என்ற பயம் புதிதில்லை. 1940களில் டாக்டர்களே மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். 1952-ல் போஸ்டனில் லெவைன், லவுன் என்ற இரண்டு இதய டாக்டர்கள், நோயாளிகளை முதல் சில நாட்களிலேயே நாற்காலியில் உட்கார வைத்து, அவர்கள் நன்றாகத் தேறுவதைக் காட்டினார்கள். 1966-ல் டல்லஸில், நோய் நொடி இல்லாத இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்க வைத்துச் சோதித்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரைத் திரும்பவும் சோதித்தபோது, முப்பது வருட மூப்பு குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அவர்கள் உடல்திறனை அதிகம் குறைத்திருந்தது தெரிந்தது. இருபது வயசுக்காரனுக்கு மூன்று வாரத்திலேயே இந்தக் கதி. 54 வயதில், மாரடைப்புக்குப் பிறகு, பதினொரு வாரம் படுத்தால்?

ஸ்டென்ட் ஒரு அடைப்பைத்தான் திறந்தது. அதைக் கொண்டுவந்த சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் சிகரெட்டும் வீட்டிலேயேதான் இருக்கின்றன.

மாரடைப்பு வந்தவரைப் படிப்படியாகப் பழைய நிலைக்குத் தேற்றும் சிகிச்சைக்கு இதயப் புனர்வாழ்வு என்று பெயர். எம்பிபிஎஸ் படிக்கும்போது அதைப் பற்றி நான் கேட்டது ஒரே ஒரு வகுப்பு. முதுநிலைப் பயிற்சிக்குப் போன பிறகுதான் நடையையும் மாத்திரை மாதிரி அளவோடு எழுதிக் கொடுக்கக் கற்றேன்: எவ்வளவு வேகம், எத்தனை நிமிடம், எங்கே நிறுத்துவது. அதோடு சாப்பாடு, பயம், மனச்சோர்வு, வேலைக்குத் திரும்புவது எல்லாம் சேரும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், உடற்பயிற்சியோடு கூடிய புனர்வாழ்வு இதய நோய் மரணங்களை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது. தோட்டப்புறங்களில் வேலை செய்யும் இளம் டாக்டர்களே, பிசியோ தம்பி தங்கைகளே, தயவுசெய்து இதயப் புனர்வாழ்வு கற்றுத்தரும் பயிற்சிக்குப் போங்கள். இங்கே ஆள் போதவில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு: டாக்டர் பார்த்துச் சரி என்றதும் சமதரையில் ஐந்து நிமிடம், காலையும் மாலையும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். சாப்பிட்ட கையோடு வேண்டாம், உச்சி வெயிலில் வேண்டவே வேண்டாம். நெஞ்சு இறுக்கம், தாடை வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் வந்தால் உடனே உட்காருங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் தணியவில்லையா, 999. மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வராதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தாதீர்கள், ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும். ஆண்மை மாத்திரை சாப்பிட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நாக்கு மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிர் போகும் அளவுக்கு இறங்கிவிடும்.

என்னிடம் வருபவர்கள் டிஸ்சார்ஜ் தாளையும் மாத்திரைப் பையையும் கொண்டு வாருங்கள். சிலிப்பர் வேண்டாம், சப்பாத்து போட்டு வாருங்கள். வராந்தாவில் சேர்ந்தே நடப்போம்.